யாழ்ப்பாணக் கடனீரேரியில் அம்பிபொட் எண்ணுவது எப்படி? கடல் மாசை அறிய விரும்பும் புதியவர்களுக்கு

கடல்நீரை ஒரு போத்தலில் அள்ளி ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோனால், அள்ளிய அந்த நேரத்தில் நீரில் என்ன இருந்தது என்பது தெரியவரும். முந்தின இரவு வாய்க்கால் வழியாக வந்த எண்ணெய் காலை வற்றோடு போயிருந்தால் போத்தலில் அது அகப்படாது. அடிச்சேற்றில் அகப்படும். எண்ணெயும் உலோகங்களும் பூச்சிகொல்லிகளும் நுண்ணிய சேற்றுத் துகள்களில் ஒட்டிக்கொண்டு தங்கிவிடுகின்றன. அந்தத் துகள்களுக்குள் குடியிருந்து, அவற்றில் படிந்ததையே தின்று வாழும் உயிரினங்கள் மாதக்கணக்கில் அந்த நஞ்சோடு பழகவேண்டியிருக்கிறது. பழக முடியாதவை அழிந்துபோகின்றன. எவை அழிந்தன, எவை மிஞ்சின என்று பார்ப்பதுதான் இந்த முறை. அதற்காக நாம் முக்கியமாக எண்ணுவது அம்பிபொட் என்ற, இறாலைப் போன்ற சிறு பிராணிகளை.

உயர்தர உயிரியல் மாணவர், பாடசாலைச் சுற்றாடல் கழகத்துக்குப் பொறுப்பான ஆசிரியர், கடற்றொழிலாளர் சங்கத்து இளைஞர் ஆகியோரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். பெரிய ஆய்வுகூடம் வேண்டியதில்லை. பொறுமையும் ஓர் அரிதட்டும் கட்டாயம் வேண்டும்.

ஏன் இந்தச் சிறு பிராணிகள்?

கரையில் ஒதுங்கிய சாதாளை என்ற கடற்தாவரத்தைக் காலால் கிளறினால் தெறித்துப் பாயும் சிறு பூச்சிகளைப் பார்த்திருப்பீர்கள். அவை அம்பிபொட் வகையைச் சேர்ந்தவை. இறாலுக்கும் நண்டுக்கும் தூரத்து உறவு. உலகில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அம்பிபொட் இனங்கள் அறியப்பட்டிருக்கின்றன. அவற்றில் பல கடலடிச் சேற்றின் மேற்பரப்பில், முதல் சில சென்ரிமீற்றருக்குள் வாழ்கின்றன. சில வகைகள் சேற்றில் குழாய் கட்டிக்கொண்டு அதற்குள் இருக்கும்.

மாசை அறிய இவை உதவுவதற்கு முக்கியமான காரணம் இவற்றின் இனப்பெருக்க முறை. நண்டும் சிப்பியும் முட்டையிட்டால் குடம்பிகள் நீரோட்டத்தோடு வெகுதூரம் மிதந்துபோய் வேறிடத்தில் குடியேறும். அம்பிபொட் அப்படிச் செய்வதில்லை. தாய் தன் வயிற்றடிப் பையில் முட்டைகளைச் சுமக்கிறது; குஞ்சுகள் சின்ன அம்பிபொட்டாகவே வெளியே வந்து அதே இடத்தில் வாழத் தொடங்குகின்றன. ஆகவே ஓரிடத்தில் இருக்கும் கூட்டம் பெரும்பாலும் அந்த இடத்திலேயே பிறந்து வளர்ந்தது. அது ஒருமுறை அழிந்தால் வெளியிலிருந்து வந்து நிரப்பும் குடம்பிப் படை கிடையாது.

இது ஏட்டுக் கணக்கு மட்டுமல்ல. 1978 மார்ச்சில் பிரான்சின் பிரித்தானி கடற்கரையில் அமோகோ காடிஸ் என்ற எண்ணெய்க் கப்பல் தரைதட்டி உடைந்து, இரண்டு இலட்சம் தொன்னுக்கும் அதிகமான மசகெண்ணெய் கடலில் கலந்தது. மோர்லே குடாவின் நுண்மணலில் அடர்த்தியாக வாழ்ந்த அம்பெலிஸ்கா என்ற குழாய் கட்டும் அம்பிபொட் கூட்டம் ஏறக்குறைய முழுவதும் அழிந்தது. அதே மணலிலிருந்த பல புழுக்கள் தாக்குப்பிடித்தன. அம்பெலிஸ்கா பழைய அடர்த்தியை நெருங்கப் பத்தாண்டுக்கும் மேல் பிடித்தது. எண்ணெய் வந்துபோனதை யாருமே கண்ணால் கண்டிருக்காவிட்டாலும், அந்த மணலைத் தோண்டிப் பார்த்தவருக்கு ஏதோ நடந்திருக்கிறது என்று பிடிபட்டிருக்கும்.

எங்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. பூச்சிகொல்லிகள் பூச்சிகளைக் கொல்வதற்கென்றே செய்யப்பட்டவை. பூச்சிகளைப் போல அம்பிபொட்டும் கணுக்காலிதான். குறிப்பாக பைரித்ரொயிட் வகைப் பூச்சிகொல்லிகள் மிக நுண்ணிய அளவிலேயே இவற்றைக் கொல்லும். வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளையும் வலிகாமத்துத் தோட்டங்களிலிருந்து மாரி மழை வழுக்கையாற்றின் வழியாக அராலிப் பக்கம் வந்து கடனீரேரியில் விழுகிறது. அந்த முகத்துவாரத்துச் சேற்றைப் பார்க்க வேண்டும் என்று நினைப்பதற்கு இதைவிட நல்ல காரணம் தேவையில்லை.

யாழ்ப்பாணத்தில் உள்ள பெரிய சிக்கல்

கருவிகளைப் பற்றிச் சொல்லும் முன் இதைச் சொல்லிவிட வேண்டும். இதைப் புரிந்துகொள்ளாமல் எண்ணினால் எத்தனை எண்ணினாலும் வீண்.

எங்கள் கடனீரேரி ஆழமற்றது. பல இடங்களில் இடுப்பளவு நீர்தான். வற்றாத ஆறு எதுவும் அதில் விழுவதில்லை. ஆண்டு மழையின் பெரும் பங்கு ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையில் கொட்டிவிடுகிறது. அப்போது கரையோர நீரின் உவர்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும். பிறகு நீண்ட கோடை. ஆழமற்ற மூலைகளில் நீர் ஆவியாகி உவர்ப்பு வெளிக்கடலையும் மிஞ்சிவிடும். நீர் சூடேறினால் அதில் கரைந்திருக்கும் ஒட்சிசனும் குறையும். இவற்றோடு மனிதன் கட்டியவையும் சேர்கின்றன. பண்ணைப் பாலம் முதல் தீவுகளுக்குப் போகும் தாம்போதிகள் நீரோட்டத்தைத் தடுக்கின்றன. தொண்டைமானாறு, அரியாலைத் தடுப்பணைகள் உவர்நீரையும் நன்னீரையும் பிரிக்கின்றன.

இவற்றில் எதுவும் நஞ்சல்ல. ஆனால் இவை ஒவ்வொன்றும் அம்பிபொட்டைக் குறைக்கக்கூடும். தாம்போதியின் ஒரு பக்கத்துத் தேங்கிய மூலையில் கறுத்த சேறும், நாலைந்து புழுக்களும், அம்பிபொட் ஒன்றுகூட இல்லாத நிலையும் கண்டால் உடனே மாசு என்று எழுதிவிடத் தோன்றும். அது வெறும் தேங்கல் மட்டுமாகவும் இருக்கலாம். ஐரோப்பாவின் குளிர்ந்த, ஆழமான குடாக்களுக்காக எழுதப்பட்ட முறைகளை அப்படியே இங்கே இறக்கினால் யாழ்ப்பாணக் கரை முழுவதும் நோயாளியாகத்தான் தெரியும்.

இதிலிருந்து தப்ப ஒரே வழி ஒப்பீடு. மாசு சந்தேகிக்கப்படும் இடத்தை, மற்ற எல்லா விதத்திலும் அதைப்போலவே இருக்கும் இன்னோர் இடத்தோடு ஒப்பிட வேண்டும்: அதே ஆழம், அதே வகைச் சேறு, அதே உவர்ப்பு, அதே அளவு நீரோட்டம். சாதாளை இருந்தால் இரண்டிலும் இருக்க வேண்டும். சாதாளைத் தரையில் அம்பிபொட் இயல்பாகவே அதிகம்.

புதியவர்கள் குருநகர்ச் சேற்றைக் காரைநகர்க் கசூரினாக் கடற்கரை மணலோடு ஒப்பிட ஆசைப்படுவார்கள். ஒன்று நகரத்து மூலை, மற்றது பெயர்பெற்ற கரை. கதை அழகாக வரும். ஆனால் ஒன்று கடனீரேரிச் சேறு, மற்றது திறந்த கடலின் வெண்மணல். இரண்டிலும் வாழும் பிராணிகள் மாசே இல்லாவிட்டாலும் வேறு வேறானவை. அந்த ஒப்பீட்டால் எதையும் நிரூபிக்க முடியாது.

கேள்வியும் இடமும்

‘கடல் மாசடைந்திருக்கிறதா’ என்பது மிகப் பெரிய கேள்வி. ‘இந்த வாய்க்கால் வாயிலிருந்து எவ்வளவு தூரம் வரை அம்பிபொட் குறைந்திருக்கிறது’ என்பது செய்யக்கூடிய கேள்வி. நகர வடிகால் கடனீரேரியில் விழும் இடம், படகுகளுக்கு எண்ணெய் மாற்றும் துறை, கல்லுண்டாய் வெளியின் குப்பைமேட்டுக்குக் கீழான கரை, மீன் கழுவும் நீர் வழியும் இறங்குதுறை, இவற்றில் ஏதாவது ஒன்றைத் தெரிவுசெய்யுங்கள். ஒன்று போதும்.

அந்த வாயிலிருந்து விலகிப் போகும் கோட்டில் குறைந்தது மூன்று நிலையங்களை அமையுங்கள்: வாயருகே ஒன்று, சற்றுத் தள்ளி ஒன்று, நன்றாகத் தள்ளி ஒன்று. இவற்றோடு வாய்க்கால் எதுவும் இல்லாத, மற்றபடி ஒத்த இடத்தில் ஒப்பீட்டு நிலையங்கள் இரண்டு. ஒப்பீட்டு நிலையம் ஒன்று மட்டும் இருந்தால் அது தற்செயலாக நல்ல இடமாகவோ கெட்ட இடமாகவோ அமைந்து உங்களை ஏமாற்றலாம். படகுத் துறையை ஆராய்பவர்களுக்கு ஒன்று: படகின் அடிப்பக்கத்துக்குப் பூசும் வர்ணங்களில் பாசி பிடிக்காமலிருக்கச் செம்பு முதலிய நஞ்சுகள் சேர்க்கப்படுகின்றன. படகைச் சுரண்டி வர்ணம் பூசும் இடத்தில் எண்ணெயை மட்டும் குற்றவாளியாக்கிவிடாதீர்கள்.

அனுமதியைப் பற்றிச் சுருக்கமாக. அந்தக் கரையின் கடற்றொழிலாளர் சங்கத்திடம் முதலில் பேசுங்கள். சிறகுவலை நட்ட இடத்திலும் கடலட்டைப் பண்ணைக்குள்ளும் உரிமையாளரின் சம்மதமில்லாமல் கால்வைக்கக்கூடாது. சேற்றைத் தோண்டுபவர்களை அட்டை எடுக்க வந்தவர்கள் என்று நினைப்பது இயல்பு. முன்கூட்டியே சொல்லிவிட்டால் அவர்களே நல்ல இடத்தைக் காட்டித் தருவார்கள். எந்த மூலையில் எந்த மாதம் நீர் நாறும் என்று அவர்களைவிட நன்றாகத் தெரிந்தவர் கிடையாது. சுண்டிக்குளம் போன்ற தேசியப் பூங்காவுக்குள் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் எதையும் எடுக்க முடியாது. கிளாலி, முகமாலை, நாகர்கோவில் பக்கங்களில் கண்ணிவெடி எச்சரிக்கை உள்ள எந்த நிலத்தையும் மிதிக்காதீர்கள். சேற்றில் குழாய் செருகும் வேலைக்கு அந்தப் பகுதிகளை நினைக்கவே வேண்டாம்.

காலம்

பெருமழை கொட்டிய மறுவாரம் போனால் உவர்ப்பு வீழ்ச்சியின் விளைவைத்தான் எண்ணிக்கொண்டு வருவீர்கள். மழை ஓய்ந்து நீர் நிலைப்பட்டபின் பெப்ரவரி, மார்ச்சில் ஒருமுறையும், கோடையின் கடைசியில் ஓகஸ்ட், செப்டெம்பரில் ஒருமுறையும் எடுப்பது நல்ல தொடக்கம். தோட்டத்துப் பூச்சிகொல்லிதான் உங்கள் கேள்வி என்றால் மட்டும் மழைக்கு முன்னும் பின்னும் எடுக்க வேண்டும். அப்போதும் ஒப்பீட்டு நிலையங்களை அதே நாட்களில் எடுக்காவிட்டால் எது மழை, எது மருந்து என்று பிரிக்க இயலாது.

நாள் குறிக்கும்போது காற்றையும் பாருங்கள். கடனீரேரிக்குள் வற்றுப் பெருக்கின் வீச்சுச் சிறியது. சோளகமோ வாடையோ நீரை ஒரு கரைக்குத் தள்ளினால் எதிர்க்கரை வற்றிவிடும். காற்று எழும் முன் விடியற்காலையில் இறங்குவது நல்லது.

வேண்டிய பொருட்கள்

சேற்றை எடுக்க நான்கு அங்குல பி.வி.சி. குழாயில் ஓர் அடித் துண்டு போதும். ஹாட்வெயார் கடையில் வெட்டித் தருவார்கள். ஒரு முனையை உட்பக்கமாக அராவிக் கூராக்குங்கள். வெளியே 15 சென்ரிமீற்றரில் ஒரு கோடு கீறிக்கொள்ளுங்கள். உள்விட்டத்தை அளந்து எழுதிவைக்க மறக்கவேண்டாம். கணக்குக்கு அதுதான் தேவை. உள்விட்டம் சரியாக 10 சென்ரிமீற்றர் என்றால் பரப்பு 78.5 சதுர சென்ரிமீற்றர். அதில் கிடைக்கும் எண்ணிக்கையை 127ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீற்றருக்கான தொகை வரும்.

அரிதட்டில் கவனம் வேண்டும். கண் 0.5 மில்லிமீற்றராக இருக்க வேண்டும். ஒரு மில்லிமீற்றர்க் கண்ணில் குஞ்சு அம்பிபொட்டெல்லாம் ஒழுகிப்போய்விடும். நுளம்பு வலை அதைவிடப் பெரிய கண், உதவாது. மா அரிக்கும் உலோக அரிதட்டு சில சரியாக அமைவதுண்டு: அளவுகோலை வைத்து உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள், ஒரு சென்ரிமீற்றருக்குள் 13 அல்லது 14 கண்கள் இருந்தால் வேலைக்கு ஆகும். அம்மாவின் அரிதட்டைக் கேட்காமல் எடுக்கவேண்டாம். திரும்ப மாவுக்கு அதைக் கொடுக்க முடியாது.

இவற்றைவிட இரண்டு வாளி, இறுக மூடும் வாயகன்ற போத்தல்கள், வெள்ளைத் தட்டு, மெல்லிய சாமணம், சிறு தூரிகை, பென்சில், தடித்த தாளில் வெட்டிய சீட்டுகள். சீட்டைப் பென்சிலால் எழுதிப் போத்தலுக்குள்ளே போட வேண்டும். மூடியில் பேனையால் எழுதியது ஸ்பிரிட் பட்டதும் அழிந்துவிடும்.

பதப்படுத்த 70 வீத எதனோல் நல்லது. சேற்றிலுள்ள நீர் அதை ஐதாக்கிவிடும் என்பதால், கழுவி வடித்த மாதிரியைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகமாக, செறிவு கூடிய எதனோலையே ஊற்றுங்கள். பழைய நூல்கள் போமலினைச் சொல்லும். அது புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. மாணவர்கள் கையில் அதைக் கொடுப்பதில் எனக்குச் சம்மதமில்லை. தவிர, காலப்போக்கில் அமிலமாகி, சுண்ணாம்பு ஓடுள்ள பிராணிகளின் ஓட்டைக் கரைத்துவிடும்.

சேறெடுத்தல்

தடித்த அடியுள்ள காலணி அணியுங்கள். காலைத் தூக்கி வைக்காமல் சேற்றோடு தேய்த்துத் தேய்த்து நடந்தால், புதைந்து கிடக்கும் திருக்கை அதிர்வறிந்து விலகிவிடும். குத்திவிட்டால் தாங்கக்கூடிய அளவு சூடான நீரில் காலை வைத்துக்கொண்டு வைத்தியசாலைக்குப் போக வேண்டும். தனியாக இறங்கக்கூடாது. சுரி ஆழமான இடங்களில் கயிறு அவசியம்.

நிலையத்தில் நின்றதும் முதலில் அளவுகள்: நேரம், தொலைபேசியிலுள்ள ஜி.பி.எஸ். எண், நீரின் ஆழம், வெப்பநிலை, உவர்ப்பு. உவர்ப்பை அளக்கும் கையடக்கக் கருவி பல்கலைக்கழகத்திலோ இறால் பண்ணைக்காரரிடமோ இரவல் கிடைக்கும். நீங்கள் மிதித்துக் கலக்காத தரையில் குழாயை நேராக 15 சென்ரிமீற்றர்க் கோடு வரை அழுத்துங்கள். மேல்வாயை உள்ளங்கையால் இறுக மூடி, மற்றக் கையைச் சேற்றுக்குள் விட்டுக் கீழ்வாயை அடைத்து, மெதுவாகத் தூக்கி வாளிக்குள் இறக்குங்கள். ஒரு நிலையத்தில் இப்படி ஐந்து தடவை, ஒன்றுக்கொன்று இரண்டடி தள்ளி. ஐந்தையும் ஒரே வாளியில் கலக்காதீர்கள். ஐந்து தனித்தனிப் போத்தல்கள் இருந்தால்தான் அந்த இடத்துக்குள்ளேயே எண்ணிக்கை எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று தெரியும். அது தெரியாமல் இரண்டு இடங்களுக்கிடையிலான வித்தியாசம் உண்மையானதா என்று சொல்ல வழியில்லை.

ஆறாவது குழாய்ச் சேற்றை எண்ணுவதற்காக எடுக்கவேண்டாம். அதை நீளவாட்டில் பிளந்து பாருங்கள். மேலே மண்ணிறம் அல்லது சாம்பல், கீழே கறுப்பு. எத்தனை சென்ரிமீற்றரில் கறுப்புத் தொடங்குகிறது என்று அளந்து எழுதுங்கள். அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் அதையும் எழுதுங்கள். ஒட்சிசன் எவ்வளவு ஆழம் போகிறது என்பதற்கு இதைவிட மலிவான அளவீடு இல்லை. அதிலிருந்து ஒரு கைப்பிடியைக் கண்ணாடிப் போத்தலில் நீரோடு குலுக்கி நிறுத்துங்கள். ஒரு நிமிடத்துக்குள் படிவது மணல். அதன் பிறகும் கலங்கலாக நிற்பது சேறு. ஒப்பீட்டு நிலையத்தின் போத்தல் இதைப்போல இல்லாவிட்டால், அந்த ஒப்பீட்டு நிலையத்தை அங்கேயே கைவிட்டு வேறிடம் தேடுங்கள். வீட்டுக்கு வந்து வருந்துவதைவிட அது மேல்.

அரித்தலும் பிரித்தலும்

வாளியில் கடல்நீர் விட்டுக் கையால் மெதுவாகச் சுழற்றி, மிதப்பதை அரிதட்டில் ஊற்றுங்கள். அம்பிபொட் போன்ற, இறாலுக்கு உறவான பிராணிகள் மணலைவிட இலேசானவை. சுழற்றும்போது மேலே வரும். ஐந்தாறு முறை திரும்பச் செய்தால் பெரும்பாலானவை அரிதட்டுக்கு வந்துவிடும். மிச்ச மணலையும் அரித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் குழாயோடு ஒட்டியவை அடியில் நிற்கும். எங்கள் கரைகளில் சிறு சுரிசங்கு ஓடுகள் குவிந்து கிடப்பதால் இந்த வேலை நேரம் எடுக்கும். அரிதட்டைத் தேய்க்கவோ நீரைப் பலமாகப் பீச்சவோ கூடாது. கால்களெல்லாம் முறிந்து பிறகு எதையும் அடையாளம் காண முடியாது.

ரோஸ் பெங்கால் என்ற சாயம் கிடைத்தால் எதனோலில் சிட்டிகையளவு போட்டு ஒரு நாள் விடுங்கள். எடுக்கும்போது உயிரோடிருந்தவை செவ்விளஞ்சிவப்பாகத் தெரியும். ஓட்டுத் துண்டும் சாதாளைச் சருகும் அவ்வளவு பிடிக்காது. பிறகு வெள்ளைத் தட்டில் சிறிது சிறிதாக ஊற்றி, நல்ல வெளிச்சத்தில் சாமணத்தால் பொறுக்க வேண்டும். பாடசாலையிலுள்ள சாதாரண நுணுக்குக்காட்டி இதற்கு அவ்வளவு ஏற்றதல்ல; 10 முதல் 40 மடங்கு பெருப்பிக்கும், இரண்டு கண்ணாலும் பார்க்கும் வகையே ஏற்றது. இல்லாவிட்டால் கைவில்லையிலேயே தொடங்கலாம்.

யார் யார் என்று தெரிந்துகொள்ள:

அம்பிபொட்டின் உடல் பக்கவாட்டில் தட்டையானது. அதனால் தட்டில் எப்போதும் சரிந்து, வளைந்து படுத்திருக்கும். முதுகில் ஒரே ஓடாக மூடாமல் வளையம் வளையமாகத் தெரியும். நடக்கும் கால்கள் ஏழு சோடி. முதல் இரண்டில் பற்றும் கொடுக்குப் போன்ற அமைப்பு. முதலில் இதைப் பிழையில்லாமல் பிரிக்கப் பழகினால் பாதி வேலை முடிந்தது.

அதே தட்டில் அம்பிபொட்டின் உறவினர் சிலரும் வருவார்கள். ஐசொபொட் மேலும் கீழும் தட்டை, குப்புறப் படுத்திருக்கும். தனாய்ட் மெலிந்து நீண்டது, முன்னே தெளிவான ஒரு சோடிக் கொடுக்கு. கழிவு சேர்ந்த சேற்றைச் சில தனாய்ட்கள் நன்றாகவே தாங்கும், ஆகையால் அவற்றை அம்பிபொட்டோடு சேர்த்து எண்ணிவிட்டால் முடிவு தலைகீழாகும். குமேசியா தலைப்பிரட்டையைப் போலப் பருத்த முன்னுடலும் மெல்லிய வாலும் கொண்டது. ஒஸ்ரகொட் இரண்டு சிறு ஓடுகளுக்குள் அடங்கியது, பெரும்பாலும் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு. சிப்பிக்குஞ்சு என்று ஏமாறவேண்டாம், ஓட்டின் விளிம்பில் கால்கள் தெரிகின்றனவா என்று பாருங்கள். ஹார்பக்ரிகொய்ட் கோபிபொட் அதைவிடச் சிறியது. 0.5 மில்லிமீற்றர் அரிதட்டில் அதன் பெரும்பகுதி போய்விடும். அதை எண்ண 0.063 மில்லிமீற்றர்க் கண்ணும் சிறிய குழாயும் வேண்டும். முதலாண்டில் அந்தப் பக்கம் போகாமலிருப்பதே நல்லது.

எண்ணும்போது தலையை மட்டும் எண்ணுங்கள். முறிந்த வால் இரண்டு சேர்ந்து ஒரு பிராணி ஆகாது. அம்பிபொட் வளரும்போது தோலுரிக்கும். கண்ணாடி போன்ற வெற்றுத் தோல் தட்டில் பார்த்தால் முழுப் பிராணி போலவே இருக்கும். அதை விட்டுவிடுங்கள். வயிற்றடிப் பையில் முட்டையோ குஞ்சோ உள்ள தாய்களையும், மிகச் சிறியவற்றையும் தனியாகக் குறியுங்கள். பெரியவை சில மட்டும் இருந்து குஞ்சே இல்லாத இடமும், எல்லா அளவிலும் கலந்திருக்கும் இடமும் மொத்த எண்ணிக்கையில் ஒன்றாகவே தெரியலாம். நிலைமை ஒன்றல்ல.

வெற்று ஒஸ்ரகொட் ஓடுகளைக் கொட்டிவிடாமல் ஒரு சிறு குப்பியில் சேருங்கள். சுண்ணாம்பு ஓடு சேற்றில் நெடுங்காலம் நிலைத்திருக்கும். ஆழத்திலிருந்து எடுத்த அடுக்குகளில் உள்ள ஓடுகளைப் பார்த்து, தாம்போதி கட்டும் முன் அங்கே எவை வாழ்ந்தன என்று பிறகு ஒருவர் வாசிக்க முடியும்.

எண்ணிக்கையை வாசித்தல்

அவசரம் கூடாத இடம் இது. சேற்றில் கழிவு கொஞ்சமாகச் சேரும்போது பிராணிகள் குறைவதில்லை. உணவு கூடுவதால் முதலில் பெருகும். கழிவு மேலும் கூடும்போதுதான் உணர்திறன் மிக்கவை மறைந்து, கப்பிட்டெல்லா போன்ற சில புழுக்கள் மட்டும் கூட்டம் கூட்டமாக எஞ்சும். ஆகவே வாய்க்காலருகே அம்பிபொட் அதிகம் என்றால் அந்த நீர் நல்லது என்று பொருள்கொள்ள முடியாது. எந்த வகை அம்பிபொட் என்றும் பார்க்க வேண்டும். கிராண்டிடிரெல்லா போன்ற உவர்நீர்க் களப்பு வகைகள் கலங்கலையும் உவர்ப்பு ஏற்றத்தாழ்வையும் தாங்குபவை. அம்பெலிஸ்கா குடும்பம் எண்ணெய்க்கு மிகவும் மென்மையானது. இனம்வரை போக முடியாவிட்டாலும், வெவ்வேறாகத் தெரிபவற்றை ‘வகை அ’, ‘வகை ஆ’ என்று பிரித்துப் படம் எடுத்து வையுங்கள். ஒன்பது வகை இருந்த இடத்தில் இரண்டு வகையே மிஞ்சியிருப்பது மொத்தத் தொகையைவிடத் தெளிவான செய்தி.

புழுக்களையும் எண்ணியிருந்தால் ஒரு சுட்டெண் கணக்கிடலாம். 2007இல் பிரெஞ்சு ஆய்வாளர்களான தோவானும் ருயெலேயும் திருத்திக் கொடுத்த ‘போப்பா’ சுட்டெண் அது. கழிவில் பெருகும் புழுக்களின் பங்கை, அம்பிபொட்டின் பங்கோடு ஒன்று கூட்டி வரும் எண்ணால் வகுத்து, மறுபடி ஒன்று கூட்டி, பத்தின் அடியில் மடக்கை எடுக்க வேண்டும். கற்பனையாக ஓர் உதாரணம்: நூறு பிராணிகளில் கழிவுப்புழு 30, அம்பிபொட் 10. 0.3ஐ 1.1ஆல் வகுத்தால் 0.273, ஒன்று கூட்டி மடக்கை எடுத்தால் ஏறத்தாழ 0.105. இன்னோரிடத்தில் கழிவுப்புழு 60, அம்பிபொட் 2 என்றால் 0.201. சுட்டெண் பூச்சியத்திலிருந்து 0.301 வரை போகும். கூடக்கூட நிலைமை மோசம். ஐரோப்பிய அட்டவணையில் முதலாவது ‘நல்லது’, இரண்டாவது ‘மோசம்’. அந்த அட்டவணையை இங்கே பயன்படுத்தவேண்டாம் என்பது என் கருத்து. உங்கள் வாயருகு நிலையமும் ஒப்பீட்டு நிலையமும் ஒன்றையொன்று எவ்வளவு விலகியிருக்கின்றன என்று பார்க்க மட்டும் எண்ணைப் பயன்படுத்துங்கள்.

1981இல் முன்வைக்கப்பட்ட நூற்புழு–கோபிபொட் விகிதத்தைப் பற்றியும் எங்காவது வாசிப்பீர்கள். எளிமையானது, கவர்ச்சியானது. ஆனால் மணல் பருமனாவதும் சேறு நுண்மையாவதும் அந்த விகிதத்தைத் தாமே மாற்றிவிடும் என்பதால் நீண்டகாலமாகவே கண்டனத்துக்குள்ளானது. எங்கள் கடனீரேரியில் ஐம்பது அடிக்குள் தரை மாறும். அதை நம்பி இறங்கவேண்டாம்.

சந்தேகத்தை உறுதிசெய்ய ஒரு பத்து நாள்

எண்ணிக்கை குறைந்ததற்குக் காரணம் சேற்றிலுள்ள நஞ்சா, வேறெதுவுமா என்று பிரித்தறிய இன்னொரு வழி இருக்கிறது. ஒப்பீட்டு நிலையத்திலிருந்து உயிரோடு அம்பிபொட் கொண்டுவந்து, சந்தேக இடத்துச் சேற்றில் வாழவிட்டுப் பார்ப்பது. ஆய்வுகூடங்களில் நிலைபெற்ற முறை இது: ஒரு லீற்றர்க் கண்ணாடிப் பாத்திரத்தில் இரண்டு சென்ரிமீற்றர்த் தடிப்பில் சேறு, மேலே ஏறத்தாழ 800 மில்லிலீற்றர் கடல்நீர், மெதுவான காற்றூட்டம், பாத்திரத்துக்கு 20 அம்பிபொட், பத்து நாள். சந்தேகச் சேற்றுக்கு ஐந்து பாத்திரம், ஒப்பீட்டுச் சேற்றுக்கு ஐந்து. பத்தாம் நாள் அரித்து, உயிரோடிருப்பவற்றை எண்ண வேண்டும்.

ஒப்பீட்டுச் சேற்றில் 90 வீதத்துக்குக் குறைவாகப் பிழைத்தால் அந்தப் பரிசோதனை முழுவதும் செல்லாது. நீரோ வெப்பமோ கையாண்ட விதமோ பிழை. எங்கள் கோடை வெயிலில் கூரைத்தகட்டு அறைக்குள் வைத்தால் இதுதான் நடக்கும். நிழலான, காற்றோட்டமுள்ள இடமும், ஆவியாகும் நீருக்கு ஈடாக நன்னீர் சேர்த்து உவர்ப்பைக் காப்பதும் முக்கியம். இரண்டு சேற்றிலும் உவர்ப்பும் காற்றூட்டமும் ஒன்றாகவே இருப்பதால், தேங்கல், சூடு என்ற சாக்குகள் இங்கே செல்லாது. அப்படியும் சந்தேகச் சேற்றில் மட்டும் செத்தால் நஞ்சு என்ற சந்தேகம் வலுக்கிறது.

முடிவை எங்கே கொண்டுபோவது

இந்த முறை எந்த இரசாயனம் என்று சொல்லாது. எங்கே தேட வேண்டும் என்று சொல்லும். ஆகையால் அறிக்கையில் ‘இன்ன நிறுவனத்தின் கழிவு இதைச் செய்தது’ என்று எழுதாதீர்கள். ‘இந்த வாயிலிருந்து இத்தனை மீற்றருக்குள், ஒத்த தரையோடு ஒப்பிடும்போது அம்பிபொட் இவ்வளவு குறைவு, கறுப்பு அடுக்கு இத்தனை சென்ரிமீற்றரில் தொடங்குகிறது’ என்று எழுதுங்கள். ஐந்து குழாய்களின் எண்ணிக்கையையும் தனித்தனியே கொடுங்கள். சராசரி மட்டும் போதாது. முதலில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கடற்றொழில் துறைக்கோ விலங்கியல் துறைக்கோ போத்தல்களோடு போய், உங்கள் ‘வகை அ’வும் ‘ஆ’வும் என்னவென்று சரிபார்த்துக்கொள்ளுங்கள். சேற்றில் எண்ணெய், உலோகம் அளக்க ஆய்வுகூடம் வேண்டும். எந்த இடத்துச் சேற்றை அளப்பது என்று காட்ட உங்கள் அட்டவணை உதவும்.

கடல் மாசு பற்றிய முறைப்பாட்டைக் கடல்சார் சூழல் பாதுகாப்பு அதிகார சபை கையாளுகிறது. 2008ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் அதற்கு அந்த அதிகாரத்தைத் தருகிறது. கடனீரேரி மீன்பிடி பற்றியதானால் கடற்றொழில் நீரியல் வளத் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும் ஒரு பிரதி கொடுங்கள். எந்தச் சங்கம் உங்களுக்கு இடம் காட்டியதோ அவர்களுக்கும் தமிழில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

போத்தல்களை வீசவேண்டாம். எதனோல் ஆவியாகும் என்பதால் ஆண்டுக்கொருமுறை நிரப்பி, வெயில் படாத அலுமாரியில் வைத்திருங்கள். அடுத்த ஆண்டு அதே மாதம், அதே ஜி.பி.எஸ். எண்ணில், அதே குழாயாலும் அதே அரிதட்டாலும் எடுக்க வேண்டும். அரிதட்டை மாற்றினால் இரண்டாண்டு எண்ணிக்கையையும் ஒப்பிட முடியாது.